நடுங்கும் கைக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

காந்திஜி தரையில் அமர்ந்து ஏதோ படித்துக் கொண்டிருக்கிறார். அவருக்கு முன்னால் பெரிதாக ஒரு ராட்டை. இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் யாராவது இருக்க முடியுமா? பள்ளிக்கூடச் சுவரிலோ, காதிக் கடையிலோ, பழைய காலண்டரிலோ நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தப் படத்தை எடுத்தது யார் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது.

எடுத்தவர் ஒரு பெண்மணி. மார்கரெட் பர்க்-ஒயிட் என்று பெயர். அமெரிக்காவில் அக்காலத்தில் கொடி கட்டிப் பறந்த 'லைஃப்' பத்திரிகையின் புகைப்படக்காரர். 1946-ல் காந்திஜி புனாவில் தங்கியிருந்த சமயம் அவரைத் தேடி வந்தார். முதலில் நூற்கக் கற்றுக் கொண்டு வாருங்கள், அப்புறம் படம் எடுக்கலாம் என்று காந்திஜியைச் சேர்ந்தவர்கள் சொல்லி விட்டார்களாம். அம்மாளும் ராட்டை முன் உட்கார்ந்தார். நூல் அறுந்து கொண்டே இருந்தது. ஒரு வழியாக அனுமதி கிடைத்தபோது, மூன்றே மூன்று ஃபிளாஷ் பல்புகள்தான் உபயோகிக்கலாம் என்று நிபந்தனை. இரண்டு பல்புகள் வீணாகி விட்டன. மூன்றாவது காப்பாற்றியது.

அந்தக் கைகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு விழும் இடங்களிலெல்லாம் காமிராவைப் பிடித்த கைகள். 1942-ல் இவர் பிரயாணம் செய்த கப்பலை வட ஆப்பிரிக்காவுக்கு அருகே எதிரிகள் மூழ்கடித்தார்கள். அப்போதும் உயிர்காக்கும் படகிலிருந்து படம் எடுத்தவர் இந்த அம்மாள். பத்தே வருஷங்களுக்குப் பிறகு, அந்தக் கைகளால் காமிராவுக்கு ஃபிலிம் மாட்டுவதே பெரும் பாடாகி விட்டது.

எப்படி ஆரம்பித்தது என்கிறீர்களா? வெகு சாதுவாக ஆரம்பித்தது. மாடிப்படி ஏறும்போது இடது காலில் லேசாக ஒரு வலி. வேலை செய்கிறவர்களுக்கு யாருக்குத்தான் கால் வலி இல்லை? அதை அவர் லட்சியம் செய்யவில்லை. கொரிய யுத்தத்தைப் படம் பிடிக்கக் கிழக்கே போயிருந்த சமயம், டோக்கியோ நகரில் ஒரு நாள் பகல் சாப்பாடு முடிந்து மேஜையை விட்டு எழுந்தார். முதல் இரண்டு மூன்று அடிகள் தள்ளாடின. பிறகு சரியாகி விட்டது. இப்படி வருவதும் போவதுமாகச் சில காலம். வியாதிக்குப் பெயர் தெரிய வெகு நாள் ஆயிற்று. பெயர் தெரிந்த பிறகோ அதை ஊருக்குத் தெரியாமல் மறைக்க வேண்டிய கவலை சேர்ந்து கொண்டது. பத்திரிகை உலகத்தில் 'முடியாதவர்' என்று பெயர் வாங்கினால் அப்புறம் யார் வேலை கொடுப்பார்கள்?

அந்த வியாதியின் பெயர் பார்க்கின்சன் நோய். நம் ஊர் வைத்தியர்கள் நடுக்குவாதம், கம்பவாதம் என்றெல்லாம் சொல்லி வந்தது பெரும்பாலும் இதைத்தான்.

'தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது. வயசாகி விட்டதோ இல்லையோ?' என்று நாம் எளிதாகச் சொல்லி விடுகிறோம். வயசான எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்த எல்லோரும் வயசானவர்களும் அல்ல. மார்கரெட் அம்மாளுக்கு ஆரம்பித்தபோது ஐம்பது கூட முடியவில்லை. இன்னொரு விஷயம்: நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும். நடை குறுகும், ஒரு கை வீசாமல் தொங்கும், குரல் தணியும், எழுத்து சிறுத்துக் கொண்டே போகும். 2019-ல் உலகம் முழுவதும் 85 லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது.

லண்டனில் ஹாக்ஸ்டன் என்ற பேட்டையில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்று ஒரு வைத்தியர் இருந்தார். 1817-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் அவர் விவரித்தது ஆறே ஆறு பேரை. அந்த ஆறு பேரிலும் இரண்டு பேரைத் தெருவில் சந்தித்து விசாரித்தார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி! கூனிக் கொண்டு, முன்னால் சாய்ந்து, ஓடுவது போல் சிற்றடி வைத்து நடப்பதை அவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார். ஒருவர் எப்படி நடக்கிறார் என்று பார்ப்பதற்கு எந்த யந்திரமும் வேண்டியதில்லை. வீட்டுப் பெண்களுக்கு இது கைவந்த கலை. மாப்பிள்ளை வாசல்படி ஏறும் ஓசையிலேயே அவர் என்ன மனநிலையில் வருகிறார் என்று கண்டுபிடிப்பவர்கள் அல்லவா நாம்?

உள்ளே நடப்பது இதுதான். நடுமூளையில் கறுப்பாக ஒரு சிறு பகுதி இருக்கிறது. டோபமின் என்ற ரசாயனத்தை உண்டாக்கும் நரம்பணுக்கள் அங்கே வசிக்கின்றன. நாம் நினைத்த மாத்திரத்தில் கை நீள்வதற்கும், காபி டம்ளர் வாயருகில் தளும்பாமல் வருவதற்கும் அந்த டோபமின் வேண்டும். அந்த அணுக்கள் ஒவ்வொன்றாக மடிந்து கொண்டே வருகின்றன. ஏறக்குறையப் பாதி போன பிறகுதான் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. அதற்குப் பல வருஷங்கள் முன்னாலேயே மலச்சிக்கல், வாசனை தெரியாமல் போதல், தூக்கத்தில் சொப்பனம் கண்டு கையையும் காலையும் உதறுதல் முதலிய அறிகுறிகள் சிலருக்கு வந்திருக்கும். சாம்பார் தீய்ந்தது கூடத் தெரியவில்லையே என்று மாமியாரைக் கோபித்துக் கொள்ளும்போது நமக்கு இதெல்லாம் தோன்றுமா?

மருந்து இருக்கிறது. லெவோடோபா என்பது அதன் பெயர். மூளைக்குள் போய் டோபமினாக மாறும். இந்தப் பொருள் நம் ஊர்ப் புதர்களில் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையில் இருக்கிறது. அந்த விதையிலிருந்து அதைப் பிரித்து எடுத்துக் காட்டியவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இருவர், 1937-ல், நம் சென்னையில்! ஆனால் அது இந்த நோய்க்கு உதவும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. சுவீடன் தேசத்து விஞ்ஞானி கார்ல்ஸன் 1957-ல் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு இதைச் செலுத்தி எழுந்து ஓட வைத்தார். நியூயார்க்கில் டாக்டர் கோட்சியாஸ் 1967-ல் வாய் வழியாகப் படிப்படியாகக் கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார். இதைப் படித்து விட்டு நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கப் புறப்பட்டு விடாதீர்கள். மாத்திரையில் அளவு உண்டு. பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யார் சொல்வது?

மருந்து நோயை அடக்கி வைக்கும், நிறுத்தாது. ஆகவே நோய் எங்கே நிற்கிறது, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மார்கரெட் ஹோயன் என்ற பெண் டாக்டரும், மெல்வின் யார் என்ற டாக்டரும் 800-க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 1967-ல் ஐந்து படிகள் வகுத்தார்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டால் முதல் படி. இரு பக்கமும் என்றால் இரண்டாவது. நிற்கும்போது சமநிலை தவறினால் மூன்றாவது. பிறர் துணை பெரிதும் தேவைப்பட்டும் தானாக நிற்க முடிந்தால் நாலாவது. சக்கர நாற்காலி அல்லது படுக்கை என்றால் ஐந்தாவது. எல்லோரும் ஐந்தாவது வரை போயே தீர வேண்டும் என்பதில்லை. பலர் இரண்டாவதிலேயே வெகு காலம் நிற்கிறார்கள்.

இந்த ஐந்து படிகளும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று சொன்னால் டாக்டர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது. படி என்பது கால் எங்கே இருக்கிறது என்று சொல்கிறதே ஒழிய, மனசு எங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை. முதல் படியில் இருந்து கொண்டே வாசல் தாண்டாதவர்கள் உண்டு. மூன்றாவது படியில் கைத்தடியை ஊன்றிக் கொண்டு கச்சேரிக்குப் போகிறவர்களும் உண்டு.

டாக்டர்களுக்கும் இந்தக் குறை தெரியாமல் இல்லை. 1987-ல் இன்னும் விரிவான ஓர் அளவுமுறை வந்தது. 2008-ல் அதைத் திருத்தினார்கள். பேச்சு, முகபாவம், விரல் தட்டுதல், எழுந்திருத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மார்க். பரீட்சைக்கு நேர் மாறாக, இங்கே மார்க் குறைந்தால்தான் சந்தோஷம்! 1995-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் வேறொரு காரியம் செய்தார்கள். கையையும் காலையும் விட்டு விட்டு, 'உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது?' என்று நோயாளியையே கேட்டார்கள். மொத்தம் 39 கேள்விகள். எல்லாம் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. உடுத்திக் கொள்ள முடிகிறதா, தனியாக வெளியே போகப் பயமா, தெளிவாக எழுத முடிகிறதா, தனிமை உறுத்துகிறதா, நெருங்கியவர்களோடு உறவு எப்படி, நாலு பேர் எதிரில் சாப்பிடக் கூசுகிறதா, வியாதியைப் பிறரிடமிருந்து மறைக்க வேண்டியிருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள்.

கடைசிக் கேள்வியைக் கவனித்தீர்களா? மார்கரெட் அம்மாள் வருஷக்கணக்கில் பட்ட அவஸ்தை அது. நடுக்கத்தை மறைக்கும் சிரமம் நடுக்கத்தை விடப் பெரிது. போதாக்குறைக்குக் கவலையும் படபடப்பும் நடுக்கத்தை அதிகமாக்கும். இந்த மாதிரிக் கேள்விகளை வைத்துக் கொண்டு ஆராய்ந்ததில், நோயாளியின் நிம்மதியைக் கெடுப்பதில் கை நடுக்கத்தை விட மனச்சோர்வுக்கே பெரிய பங்கு என்று திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது. மனச்சோர்வும் இந்த நோயின் ஓர் அங்கம்; 'தைரியமாக இருக்கக் கூடாதா?' என்று அதட்டினால் போகாது. வைத்தியம் உண்டு; ஆனால் டாக்டரிடம் சொன்னால்தானே?

சொல்வதில்தான் சங்கடம். டாக்டரைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பத்து நிமிஷம். அன்றைக்கென்று நோயாளி மாத்திரை சாப்பிட்டு, சட்டை மாற்றி, ஜம்மென்று நடந்து போவார். 'எப்படி இருக்கிறீர்கள்?' 'நன்றாக இருக்கிறேன் சார்.' தீர்ந்தது! வெளியே வந்து ஆட்டோவில் ஏறக் கால் எழும்பாது. மனைவிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும்.

இதற்குத்தான் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்கிறேன். பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதுகிற நமக்கு இது ஒரு பிரமாதமா?

முதலில் எழுத வேண்டியது மணி. மாத்திரை சாப்பிட்டது எத்தனை மணிக்கு, உடம்பு லேசாகி நடமாடத் தொடங்கியது எப்போது, மறுபடி கட்டையாகிப் போனது எப்போது. ஆரம்ப வருஷங்களில் இந்த வித்தியாசமே தெரியாது. சில வருஷங்கள் போன பிறகு, ஒரு மாத்திரையின் பலன் அடுத்த வேளை வருவதற்குள் தேய்ந்து விடும். அப்போது ஒரு நாளைக்குள்ளேயே இரண்டு மனிதர்கள்! பத்து மணிக்குப் பேப்பர் படித்துக் கொண்டு வேடிக்கை பேசியவர் பன்னிரண்டு மணிக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் தவிப்பார். 'காலையில் முடிந்தது, இப்போது மட்டும் முடியவில்லையா?' என்று யாராவது கேட்டு விடுவார்கள். நடிப்பு இல்லை அம்மா, மருந்து இறங்கி விட்டது.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் கவனித்து எழுத வேண்டும். கை மடியில் சும்மா இருக்கும்போது, மாத்திரையை உருட்டுவது போல விரல்கள் ஒரே தாளத்தில் ஆடினால் அது நடுக்கம். மருந்து போதவில்லை என்று அர்த்தம் இருக்கலாம். அப்படியின்றி உடம்பும் கழுத்தும் கையும் கொடி அசைவது போல நெளிந்து நெளிந்து ஆடினால் அது வேறு. பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது. இரண்டையும் 'ஆட்டம்' என்று ஒரே வார்த்தையில் டாக்டரிடம் சொன்னால், குறைக்க வேண்டிய மருந்தை அவர் கூட்டி விடக் கூடும். எந்த ஆட்டம், மாத்திரை சாப்பிட்டு எத்தனை நிமிஷம் கழித்து என்று எழுதுங்கள். கைபேசியில் அரை நிமிஷம் படம் பிடித்து வைத்தால் இன்னும் விசேஷம். நோயாளியிடம் கேட்டுக் கொண்டு பிடியுங்கள்.

அப்புறம் சாப்பாடு. லெவோடோபாவும் பருப்பு, பால், தயிர், முட்டை, மாமிசம் இவற்றிலுள்ள புரதச் சத்தும் உடம்புக்குள் போக ஒரே வாசலில் முட்டி மோதுகின்றன. டம்ளர் நிறையப் பாலோடு மாத்திரையைக் கொடுத்தால் சிலருக்கு அந்த வேளை மருந்து வேலையே செய்யாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணிக்குப் பின்னால், தண்ணீரில் விழுங்குவது நல்லது. குமட்டினால் ஒரு பிஸ்கோத்துத் துண்டு. இரும்புச் சத்து மாத்திரையும் இதைத் தடுக்கும். நேரம் தள்ளிக் கொடுக்க வேண்டும். பருப்பையே நிறுத்தி விடாதீர்கள். மெலிந்து வரும் உடம்புக்குப் புரதம் வேண்டும். வாந்திக்கென்று கடையில் வாங்கும் மெட்டோக்ளோப்ரமைடு என்ற மருந்து இந்த நோயை அதிகமாக்கும். அதைக் கொடுக்கவே கூடாது. வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தாலும் பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதை நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

மணிக் கணக்கைத் தினமும் எழுத வேண்டாம். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய மூன்று நாட்கள் எழுதினால் போதும். மற்றவற்றை வாரம் ஒரு நாள்: விழுந்தாரா, எங்கே, எந்தப் பக்கம்? படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றியதா? தண்ணீரோ ரசமோ குடிக்கும்போது புரை ஏறியதா? (இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள், நெஞ்சில் சளி கட்டுவதற்கு இது வழி.) எத்தனை நாளுக்கு ஒரு முறை வெளிக்குப் போகிறார்? இரவில் எத்தனை தரம் எழுந்தார்? இல்லாத மனிதர்கள் இருப்பது போல் கண்ணுக்குத் தெரிகிறதா? மாதம் ஒரு முறை அவரே அந்த நோட்டில் ஒரே வாக்கியத்தை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஒரு வருஷத்தில் பன்னிரண்டு கையெழுத்துக்கள் சேர்ந்தால் ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனை சொல்லாததைச் சொல்லும்.

வேவு பார்க்கிற தோரணை மட்டும் வேண்டாம். காபி சிந்தியவுடன் நோட்டை எடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவருக்குத் தெரிந்து, அவர் சொல்ல, நாம் எழுதுவதுதான் முறை.

முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நோயில் முகத்துத் தசைகள் இறுகி, சிரிப்போ கோபமோ வெளியே தெரியாமல் போய் விடும். பேரன் முதல் பரிசு வாங்கி வந்து காட்டுகிறான். தாத்தா கல் மாதிரி பார்க்கிறார். குழந்தை முகம் சுண்டிப் போகிறது. உள்ளே அவர் மகிழ்ந்து போயிருப்பார். 'தாத்தாவுக்கு முகம்தான் சிரிக்காது; கையைப் பிடித்துப் பார்' என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். மனைவிமார்களும் இதை நினைவில் வைத்துக் கொண்டால் பாதிச் சண்டை மிச்சம்.

வாசற்படியில் கால் ஒட்டிக் கொண்டு நின்று விட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மேல் உடம்பு வந்து விடும், கால் வராது, விழுந்து விடுவார். நிற்கட்டும். உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்குக் குறுக்கே வைத்து, 'இதைத் தாண்டுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். அல்லது ஒன்று, இரண்டு என்று தாளம் போடுங்கள். தரையில் குறுக்கே வர்ண நாடா ஒட்டி வைத்தாலும் கால் தானாக எழும்பும். பொத்தான் சட்டையும் சாதாரண வேட்டியும் சண்டை போட்டால், ஒட்டிக் கொள்ளும் வேட்டி வந்திருக்கிறது. அதை வாங்கித் தருவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

மார்கரெட் அம்மாள் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவருக்கு நோய் ஆரம்பித்த காலத்தில் லெவோடோபா வரவில்லை. தேகப் பயிற்சி ஒன்றுதான் கதி. தினமும் மைல் கணக்கில் நடந்தார்; பத்திரிகைத் தாள்களைக் கசக்கிக் கசக்கி உருண்டையாக்கி விரல்களுக்கு வேலை கொடுத்தார். 1957-க்குப் பிறகு 'லைஃப்' பத்திரிகைக்காகப் படம் எடுக்க முடியவில்லை. 1959 ஜனவரியில் டாக்டர் இர்விங் கூப்பர் என்பவர் மண்டையில் சிறு துவாரம் போட்டு மூளையின் ஒரு துளிப் பகுதியை அழிக்கும் ஆபரேஷன் செய்தார். (இன்று அழிப்பதற்குப் பதிலாக, பெரும்பாலும் மெல்லிய கம்பியை வைத்து மின்சாரத்தால் தூண்டுகிறார்கள்; 1987-ல் பிரான்சில் டாக்டர் பெனபிட் இதைத் தொடங்கினார்.) விறைப்பு தளர்ந்தது. அந்த வருஷம் ஜூன் மாதம் 'லைஃப்' பத்திரிகையில் முழுக் கதையும் வெளியாயிற்று. படம் எடுத்தவர் அவருடைய சகாவான ஆல்ஃப்ரெட் ஐசன்ஸ்டாட். வருஷக்கணக்கில் மறைத்து வைத்த விஷயத்தை லட்சக்கணக்கான பேர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். 1961-ல் மறு பக்கத்துக்கும் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு பேச்சு வர வரக் கஷ்டமாயிற்று. இருந்தும் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்து 1963-ல் வெளியிட்டார். 1971-ல் 67-வது வயதில் காலமானார். அதற்கு முந்தைய வருஷம்தான் அமெரிக்காவில் லெவோடோபா விற்பனைக்கு அனுமதி கிடைத்திருந்தது.

நோட்டைப் பற்றி ஒன்று விட்டுப் போய் விட்டது. கடைசிப் பக்கத்தை அவருக்கே விட்டு விடுங்கள். டாக்டரிடம் அவர் கேட்க நினைப்பதை அவரே எழுதட்டும். நீங்கள் எட்டிப் பார்க்காதீர்கள். எழுத்து எறும்பு ஊர்வது போல் இருந்தால் என்ன? டாக்டர் மூக்குக் கண்ணாடி போட்டுக் கொண்டு படிக்கட்டும்!